ராமக்காள் மாட்டுக்கு மருந்து

“இந்த ராமக்கா ஒருத்தரால எங்க மாடுங்க எல்லாம் சாகணுங்களா மேடம்?”

வேலியோரம் நின்று கோகிலவாணி போட்ட சத்தத்தில், மரத்திலிருந்த காக்காய் எல்லாம் எழும்பிப் பறந்தது.

கால்நடை டாக்டர் நிர்மலாவுக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. கடத்தூர் சுற்று வட்டாரத்தில் மாடுகள் ஊசிக்குப் பயப்படும், மாட்டுக்காரர்கள் நிர்மலாவுக்குப் பயப்படுவார்கள். அப்படிப்பட்டவளையே அன்றைக்கு ஒரு மூங்கில் படல் தடுத்து நிறுத்திவிட்டது.

மழை விட்டதிலிருந்து, சில வீடுகளே இருந்த அந்தக் கொட்டாயில் உண்ணித் தொல்லை. இரண்டு சிந்து மாடுகளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, அதில் கோகிலவாணியின் மாடு பிழைத்ததே பெரும்பாடு. மாட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் பத்தாது, கொட்டகைச் சந்து பொந்தெல்லாம் அடிக்க வேண்டும், ஒரு வீடு பாக்கியில்லாமல் ஒரே நாளில் அடிக்க வேண்டும் என்று சொன்னது நிர்மலாதான். எல்லா வீடும் முடிந்தது. ராமக்காள் மட்டும் படலைச் சாத்திக்கொண்டு குறுக்கே நிற்கிறாள்.

“எம் மாட்டுக்கு உண்ணியே இல்லீங்க. நீங்க போங்க.”

“உண்ணி இல்லாத மாடு எந்த ஊர்ல இருக்குது ராமக்கா?” கோகிலவாணி விடவில்லை. “தெனம் புல்லுக்கட்டு மட்டும் உள்ள போவுது. மாட்ட வெளிய புடிச்சுக் கட்டறதே இல்ல. நாங்க பாத்தா கண்ணு பட்டுடுமா?”

கூட நின்ற பெண்கள் “அதான?” என்றார்கள்.

புருஷன் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது, மகன் பெங்களூரில். ஒற்றை ஆளாக இருக்கிறவளுக்கு இவ்வளவு வீம்பு எதற்கு என்று நிர்மலாவுக்கு எரிச்சலாக வந்தது.

“எல்லாரும் இங்கயே நில்லுங்க. கூட்டத்தப் பாத்தா மாடு மிரளும்” என்று சொல்லிவிட்டு, படலைத் தள்ளிக்கொண்டு மருந்தடிக்கிற மிஷினோடு உள்ளே போனாள்.

“வேணாங்க டாக்டரம்மா! உங்க கால்ல வேணா உழறேன்” என்று ராமக்காள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

கொட்டகைக்குள் மாடு இல்லை.

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. இன்றைக்கு அறுத்த புல்லுக்கட்டு பச்சையாகக் கிடந்தது. அதன் பின்னால் முன்பு அறுத்ததெல்லாம் காய்ந்து சருகாகிக் குவிந்திருந்தது. முளைக்குச்சியில் வெறும் கயிறும் மணியும் தொங்கின. சாணி வாடையே இல்லை.

“மாடு எங்கம்மா?”

“செத்துப் போச்சுங்க.” வேலி வரைக்கும் கேட்டுவிடக் கூடாதென்று குரலை அடக்கிக்கொண்டாள். “ஆடி மாசம். காய்ச்சல்ல படுத்துச்சு, மூத்திரம் கட்டங்காப்பியாட்டம் போச்சு. அன்னிக்கின்னு பாத்து ஊர் சனம் மொத்தமும் பண்டிகைக்குப் போயிருந்துச்சு. கூப்பிட ஆளில்ல. ரோட்டுல போன ஜேசிபிக்காரன்தான் புளியமரத்தடியில குழி வெட்டிக் குடுத்தான்.”

“அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தாங்க இருந்தேன். மறுநா காலைல கோகிலா வேலிக்கிட்ட நின்னு, ‘ராமக்கா, மாடு எப்படி இருக்குது’ன்னா. நல்லாருக்குதுன்னு வாயில வந்துருச்சு. சாயங்காலம் எம் மவன் போன் பண்ணான். அவனும் ‘மாடு எப்படிம்மா இருக்குது’ன்னான். நல்லாருக்குதுடான்னேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “மாடு இல்லன்னு சொல்லிட்டா, அப்புறம் எங்கிட்ட வந்து என்னத்தைங்க கேப்பாங்க?”

திட்டுவதற்கென்று நாக்கு நுனியில் வைத்திருந்ததை எல்லாம் நிர்மலா அப்படியே முழுங்கினாள்.

மிஷினைத் தோளில் மாட்டினாள். மாடு போனாலும் உண்ணி போகாது. ஒரு சொட்டு ரத்தம் கிடைக்காமலே சுவர்ச் சந்தில் மாசக்கணக்காகக் காத்துக் கிடக்கும். சுவர், தொட்டி, முளைக்குச்சி, கூரை மூங்கில் தப்பை என்று ஓர் இடம் விடாமல் அடித்தாள்.

வெளியே வந்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“மருந்தடிச்சாச்சு. மாடு நல்லாருக்குது. நாலஞ்சு உண்ணிதான் இருந்துச்சு.”

ராமக்காள் திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கோகிலவாணி பக்கம் திரும்பி, “நாந்தான் சொன்னேன்ல?” என்றாள்.

“நல்லாருந்தா சரிதான். நாளைக்கு வந்து கேப்பேன், தீனி எடுத்துச்சா இல்லையான்னு” என்று கோகிலவாணி முறைப்பாகவே சொன்னாள்.

படிச்ச டாக்டர், ஊர் முன்னால் இப்படிப் புளுகிவிட்டோமே என்று நிர்மலாவுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஸ்கூட்டரைக் கிளப்பப் போனபோது கோகிலவாணி பக்கத்தில் வந்து நின்றாள். சற்று முன் போட்ட சத்தம் எங்கே போனதோ தெரியவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க உள்ள போவீங்கன்னு நாங்க நெனைக்கல. அவுங்க வேணாம்னா படல்கிட்டயே திரும்பிடுவீங்கன்னு பாத்தோம்.”

“ஏன், உள்ள போனா என்ன?”

“மாடு நல்லாருக்குதுன்னு அவுங்க எங்கிட்ட சொன்னப்பவே, புளியமரத்தடியில மண்ணு புதுசா கெடந்துச்சுங்க. எங்க எல்லாருக்கும் தெரியும்.”

நிர்மலா சாவியைத் திருகாமல் அப்படியே நின்றாள். “அப்புறம் எதுக்கும்மா அவ்வளவு சண்டை?”

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். ராமக்காள் ஒரு குடம் தண்ணீரோடு கொட்டகைக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

“எல்லார் வூட்டு மாட்டுக்கும் டாக்டர் வந்துட்டு, அவுங்க வூட்டு மாட்டுக்கு மட்டும் வரலன்னா, மனசு தாங்குமாங்க?”