நேராக வீட்டுக்கு

பாஸ்டர் அனிசெட்டோ துக்க மண்டபத்திலிருந்து வெளியே வந்து வாடகை மோட்டார் டிரைசிக்கிளில் ஏறினார்.

"வீட்டுக்குப் போப்பா. நேரா."

வண்டிக்காரன் பெர்டிங் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தான். துக்க மண்டபத்திலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. வழியில் எங்காவது இறங்கி, ஒரு வாய் காபியாவது குடித்துவிட்டுத்தான் போவார்கள். இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வந்துவிடுவார்.

"பாலத்துக் கடை திறந்துதான் இருக்கு பாஸ்டர். எப்பவும் அங்கதானே நிறுத்துவோம்?"

"இன்னிக்கு வேணாம். கையில காசில்ல."

"சட்டைப் பையில கவர் முழிச்சிக்கிட்டு இருக்கு, காசில்லையாம். சரி, நான் வாங்கித் தர்றேன், வாங்க."

"நீ ஓட்டு."

பெர்டிங் சொன்னது நிஜம்தான். கிளம்புகிற நேரத்தில் மண்டபத்தின் இரண்டாவது அறையில் பிணம் வைத்திருந்தவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். செத்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கிழவர், மாதக்கணக்கில் இருமி இருமியே செத்துப்போனவர். அவர்கள் சொல்லிவைத்த போதகர் வரவில்லை. ஒரு சின்ன ஜெபம் போதும் என்று கெஞ்சினார்கள். காசு முடை, போய் ஜெபித்துவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டார். கிழவரின் பேரைக்கூடச் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அவருக்கென்று சபை கிடையாது. அதனால் சம்பளம் இல்லை, சபை தரும் வீடு இல்லை, காய்ச்சல் வந்தால் பார்ப்பாரும் இல்லை. மண்டபத்தில் கூப்பிட்டால் போய் ஜெபிப்பார், துக்கக்காரர்கள் கவரில் வைத்துக் கொடுப்பதுதான் வருமானம். ஊரில் யாரும் சாகாத வாரம் வீட்டில் கஞ்சிதான்.

கவரைப் பிரிப்பது அவர் மனைவி எர்லிந்தாவின் வேலை. வாடகைக்கு ஒரு டின், அரிசிக்கு ஒரு டின். அதற்கெல்லாம் முன்னால் காபிக்கு ஒரு டின்.

"எதுல வேணாலும் மிச்சம் புடிங்க. காபிக் காசுல மட்டும் கை வைக்காதீங்க" என்பாள்.

உயிர்த்தெழுதலைப் பிரசங்கிக்கிறவன் பெண்டாட்டி பேயைப் பார்த்துப் பயப்படுகிறாளே என்று அவர் கேலி செய்வார். கேலி செய்துகொண்டே பாலத்துக் கடையில் இறங்கிவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நேரே வீட்டுக்கு வந்ததில்லை.

பாலம் வந்தது. பெர்டிங் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். பாஸ்டர் மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடை பின்னால் போய்விட்டது.

வீட்டு வாசலில் இறங்கியதும் கதவைத் திறந்தார். திறந்த கதவை அப்படியே விட்டார். பட்டப்பகல். உள்ளே வெயில் விழுந்து கிடந்தது.

காபிக்குத் தண்ணீர் வைத்தார். இரண்டு கோப்பைகளை எடுத்து மேஜையில் வைத்தார். காபி டின்னைத் திறந்து பார்த்தார். அவள் போட்டு வைத்த சில்லறை தொடப்படாமல் இருந்தது.

"வா எர்லிந்தா" என்றார், வெறும் வாசலைப் பார்த்து.

மண்டபத்தின் முதல் அறையில் மூன்று நாளாக மெழுகுவத்தி எரிவது அவளுக்குத்தான். அவள் தங்கையைப் பெட்டி அருகில் உட்கார வைத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று பொய் சொல்லி வந்திருந்தார். பெட்டிக்குப் பாக்கி நின்றது. அதற்காகத்தான் கிழவருக்கும் ஜெபித்தார்.

ஒரே ஒரு தடவை அவள் வந்து எதிரில் உட்கார்ந்தால் போதும். இதைக் கடவுளிடம் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் கேட்காமல் நேராக வந்துவிட்டார்.

காற்றில்லாமலே வாசல் திரை அசைந்தது.

எதிர் நாற்காலி லேசாக முனகியது. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. காபியை ஊற்றி, அவள் குடிக்கிற பதத்துக்குச் சர்க்கரை போட்டு, கோப்பையை எதிரே தள்ளி வைத்தார்.

நாற்காலியிலிருந்து இருமல் கேட்டது.

கனத்த, சளி கட்டிய இருமல். அது நிற்கவே இல்லை. பாஸ்டரின் கை மெல்லச் சட்டைப் பையிலிருந்த கவருக்குப் போனது.