முதுகுக்கு மூன்று மீன்

தங்கை கல்யாணத்துக்காக மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய ஆமை, "ஒரே மீன், உடனே பயணம்!" என்று கூவிய கொக்கிடம் ஒரு மீனைக் கொடுத்தது. கொக்கு அதன் ஓட்டின் மேல் அலகால் தட்டியது.

"மூட்டைக்குத் தனியா மூணு மீன்."

"மூட்டையா! அண்ணே, இது என் முதுகு!"

"அப்போ கழற்றி வச்சிட்டு வா."

"முதுகை எப்படிக் கழற்றுவாங்க? கூவும்போது இதைச் சொன்னீங்களா?"

கொக்கின் மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த தவளை கத்தியது: "சட்டம் பேசாதீங்கக்கா! குடுத்துட்டு ஏறுங்க, நேரமாகுது."

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. ஆமை மூன்று மீனையும் கொடுத்துவிட்டு ஏறியது. ஏறியதும் திடுக்கிட்டது. தவளையின் பின்னங்கால்கள் இரண்டும் கொடியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

"அடப்பாவி, இதை யாரு கட்டினா?"

"நானேதான். காலை நீட்டினா ரெண்டு மீனாம்," என்று தவளை பெருமையாகச் சிரித்தது. "எவ்வளவு மிச்சம், பார்த்தீங்களா!"