பாப்பின்ஜே என்ற பட்டம்

நூலக வாசலில் இருந்த கொய்யா மரத்தில் ஒரு கிளி வசித்தது. ஒருநாள் அங்கே வந்த வெள்ளைக்காரப் பெரியவர் அதை நிமிர்ந்து பார்த்து, "பாப்பின்ஜே!" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, வெறுமனே கிளி என்று யார் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்ப்பதில்லை.

அர்த்தமும் தெரிந்தால் இன்னும் கௌரவமாக இருக்குமே என்று, ஆங்கில அகராதிக்குப் பின்னால் குடியிருந்த பல்லியிடம் போய்க் கேட்டது. கூடவே அதே மரத்துக் காகமும் போனது.

பல்லி அகராதிக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்தது. "ரொம்பப் பழைய வார்த்தை. முதல் அர்த்தம், கிளி."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு இருக்கு. பகட்டா உடுத்திக்கிட்டு வெத்துப் பெருமை பேசித் திரியிறவன்."

காகம் தொண்டையைச் செருமிக்கொண்டது. கிளி அதன் பக்கம் திரும்பாமலே கேட்டது: "வேற நல்லதா ஏதாவது?"

"கம்பத்து உச்சியில கட்டிவெச்சு, அம்பு விட்டுப் பழகுற பொம்மைப் பறவைக்கும் இதே பேர்தான்."

கிளி மெல்லக் கேட்டது: "வார்த்தை எங்கேயிருந்து வந்துச்சாம்?"

"அரபு மொழியில பிறந்து, ஸ்பெயின், பிரான்ஸ் வழியா இங்கிலாந்துக்குப் போயிருக்கு."

"இத்தனை நாடு சுத்தின வார்த்தையா!"

கிளியின் கழுத்து நிமிர்ந்தது. மரத்துக்குப் பறந்துபோய் அதை மட்டும் எல்லோரிடமும் சொன்னது. மைனாக்கள் வாய் பிளந்து கேட்டன. அர்த்தத்தை யாரும் கேட்கவில்லை.

காகம் மட்டும் அகராதி அருகிலேயே தயங்கி நின்றது.

"எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு பாத்துச் சொல்லுங்களேன்" என்றது பல்லியிடம். "அர்த்தம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லை."