பாலம் தாண்டாத படை

பல் டாக்டரின் குதிரைப்படையை ஒட்டுமொத்தமாக முடக்கிவிடுவது என்று முடிவானதுமே கண்ணாடிக்காரனுக்குப் பாதிக் கல்யாணம் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

கண்ணாடிக்காரன் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் ஓரம் தேய்க்கிறவன். டாக்டர், அவன் காதலித்த பெண்ணைப் பெற்றவர். பெண் கேட்டுப் போனவனிடம் அவர் படிப்பையும் கேட்கவில்லை, சம்பளத்தையும் கேட்கவில்லை. "என் படையை ஜெயிச்சுக் காட்டுங்க தம்பி. அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டார்.

படை என்றால் விரல் உயரப் பொம்மை வீரர்கள். சாப்பாட்டு மேஜை முழுக்க ஆறு, குன்று, கோட்டை என்று செட் போட்டு, பகடை உருட்டி நடத்துகிற போர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ஒரு கோட்டை, நடுவே ஒரே ஒரு மரப்பாலம். மதியத்துக்குள் எதிரியின் கோட்டையிலிருக்கும் கொடியைப் பிடிக்க வேண்டும். டாக்டர் எடுத்த எடுப்பிலேயே படையைப் பாலம் தாண்டவிட்டு எதிராளியைத் துவம்சம் பண்ணிவிடுவார். இதற்கு முன்னால் பெண் கேட்டு வந்த இருவரும் காப்பி ஆறுவதற்குள் தோற்று, காப்பியைக்கூடக் குடிக்காமல் போனவர்கள்.

"நேர்மையா விளையாடினா நீ இந்த ஜென்மத்துல ஜெயிக்க மாட்டே," என்றாள் டாக்டரின் மகள். "பேஸை மாத்திடு."

பேஸ் என்பது பொம்மை நிற்பதற்காக அதன் காலடியில் ஒட்டியிருக்கும் வட்ட வில்லை. பாலத்தின் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே அது மட்டுமட்டாக நுழையும். வில்லையை ஒரு நூல் அகலமாக்கிவிட்டால் போதும், டாக்டரின் ஆள் ஒருத்தன்கூடத் தாண்ட முடியாது. கண்ணாடிக்காரனின் ஆட்கள் மட்டும் ஜம்மென்று போய்க் கொடியைப் பிடிக்கலாம்.

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா நீ யாரோ, நான் யாரோ!"

டாக்டர் வெளியூர் மாநாட்டுக்குப் போன நேரம் பார்த்து அவள் படையை டப்பாவில் அடுக்கி ஃப்ரீஸருக்குள் தள்ளினாள். குளிரில் பசை இறுகி மொறுமொறுத்துப் போகும். அப்புறம் வில்லையைத் திருகினால் பட்டென்று கழன்றுவிடும். ஐஸ் எடுக்கப் போன அவள் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே ஈட்டியும் குதிரையுமாக ஒரு பட்டாளமே விறைத்துக் கிடந்தது. மூடி வைத்துவிட்டார். கணவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அந்த மனுஷன் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாரே!

கண்ணாடிக்காரனின் கை மயிரிழை தப்பாத கை. பிளாஸ்டிக் தகட்டில் வில்லை வெட்டி ஓரம் தேய்த்தான். பொம்மைகளின் காலில் ஒட்டியிருந்த பழைய பசையை பிளேடால் சுரண்டினான். ஒரு குதிரையின் குளம்பு உடைந்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒட்டி முடித்து, மேலே மணலைத் தூவி, சேற்று நிறம் பூசி, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளால் புல்லும் முளைக்க வைத்தான். பழையதைவிடப் புதியது அழகாக வந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் இவன். மகள் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ஜன்னலோரம் நின்றாள்.

டாக்டர் முதல் குதிரை வீரனைப் பாலத்தில் வைத்தார். நுழையவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருவனை வைத்தார். அவனும் நுழையவில்லை.

"என்னது இது, பாலம் சிறுத்துப் போச்சா?"

"மரம்தானே சார். ஈரத்துல ஊதியிருக்கும்," என்றான்.

டாக்டர் ஒருத்தன் விடாமல் முயன்று பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. 'தவிங்க மாமா, நல்லா தவிங்க' என்று கண்ணாடிக்காரன் உள்ளுக்குள் குதித்தான். மனசுக்குள்கூட அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முன்னே வந்த படை பின்வாங்கக் கூடாது என்பது ஆட்ட விதி. வேறு வழியில்லாமல் டாக்டர் தன் படையைப் பாலத்து முனையிலேயே நிறுத்திவிட்டார். இவன் தன் ஆட்களை அனுப்பினான். அங்கேதான் வந்தது வினை. பாலத்தில் ஒவ்வொருத்தனாகத்தான் போக முடியும். முதல் ஆள் அந்தக் கரையில் இறங்கியதுமே டாக்டரின் மொத்தக் குதிரைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டான். எதிரி பக்கத்தில் வந்தால் பகடை உருட்டியே ஆக வேண்டும், அது விதி. டாக்டர் உருட்டினார். ஆள் காலி. அடுத்தவன் இறங்கினான். அவனும் காலி.

ஒட்டத் தெரிந்த அளவுக்குத் தனக்குப் போர் தெரியாது என்பது கண்ணாடிக்காரனுக்கு அப்போதுதான் உறைத்தது. அனுப்பாமல் இருக்கவும் முடியாது, கொடி கைக்கு வராமல் கல்யாணம் இல்லை. வரிசையில் நின்று அடி வாங்கினாற்போல அவனுடைய கடைசி ஆளும் விழுந்தான்.

"சரி தம்பி..." டாக்டர் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அடுத்த ஞாயிறு இன்னொரு ஆட்டம் போட்டுப் பார்ப்போம்."

தலையைத் தொங்கப்போட்டபடி அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே டாக்டரின் மனைவி கணவரைப் பிடிபிடியென்று பிடிப்பது கேட்டது.

"நல்ல பையன், இந்தத் தடவை நானே தோத்துடறேன்னு நேத்து அவ்வளவு சொன்னீங்களே!"

"என்னை என்னடி பண்ணச் சொல்றே? கோட்டையைக் காலி பண்ணி மொத்தப் படையையும் அந்தப் பக்கம் அனுப்பிட்டு, கொடியை அவன் கையில கொடுத்துடலாம்னு பார்த்தா, ஒரு பயலும் பாலத்தைத் தாண்ட மாட்டேங்கிறானே!"