வசிலியின் எடை

எங்கள் அலாஸ்கா கிராமத்து ஓடுதளத்தில் விமானம் ஏறுபவர்களை எடை பார்ப்பது என் வேலை. ஒன்பது இருக்கைதான், கனத்தைப் பொறுத்து விமானி இடம் கொடுப்பார். என் கணவன் வசிலி நூற்றெழுபது பவுண்டு. வெள்ளிக்கிழமை நகரத்துக்குக் கிளம்பும்போது மட்டும் முந்நூறு காட்டும். மற்றவர்களுக்கு எடை சரியாகவே வரும்.

“யாரைக் கூட்டிட்டுப் போற?”

“தனியாத்தானே நிக்கிறேன்? நேத்து நீ போட்ட சால்மன் மீன் கனமா இருக்கும்.”

போன வெள்ளி நானும் ஏறினேன். அவன் பக்கத்து இருக்கை காலி. உட்காரப் போனேன்.

“அங்க ஏற்கெனவே கனம் ஜாஸ்தி, நஸ்தாசியா. நீ கடைசிக்குப் போ,” என்றார் விமானி.

பின்னாலிருந்து பார்த்தேன். வசிலி அந்தக் காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான். எனக்கு ஒருநாளும் அவன் மாட்டிவிட்டதில்லை. பெல்ட் இருக்கையில் படியவில்லை. ஓர் இடுப்பின் அளவுக்கு வளைந்து நின்று, மெல்ல ஏறி இறங்கியது.