கையைக் கடிக்காத ஐரோப்பா

"கணவன் மனைவி, ரெண்டே பேர். ஐரோப்பாவுல ஏதாவது ஒரு ஊர், ஒரு வாரம். ஆனா கையைக் கடிக்கக் கூடாது. உன்னால திட்டம் போட முடியுமா?"

வாயில் சோற்றை வைத்துக்கொண்டே நம்மவர் கேட்டார். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் கூட்டிப்போன அதிகபட்ச தூரம், பஸ் போகிற கடைசி நிறுத்தம்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"போடேன், பார்க்கலாம்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தார். எதற்காக மலர்ந்தது என்பதும் புரிந்தது. திருத்தவில்லை. ஆசையோடு செய்தால்தானே வேலை சுத்தமாக இருக்கும்?

விஷயம் இதுதான். நம்மவர் வேலை பார்ப்பது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில். முதலாளியம்மா ஐரோப்பா போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். முதலாளிக்கோ காசை எடுத்தால் கை நடுங்கும். "செலவும் அடங்கணும், அவ வாயும் அடங்கணும். யாராவது வழி சொல்லுங்கய்யா" என்று அவர் புலம்பியபோது, நம்மவர் முந்திக்கொண்டார்.

"என்கிட்ட விடுங்க சார்."

கம்பெனியில் திட்டப் பிரிவுத் தலைவர் நாற்காலி அப்போது காலியாக இருந்தது.

மனைவிக்கு மருந்துக் கடையில் பில் போடும் வேலை. மாலையில் வந்ததும் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். வெளிநாடு போய்வந்த வாடிக்கையாளர்கள் ஒருவரையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"பேர்போன ஊர் வேண்டாங்க. அங்க பேருக்குத்தான் காசு. பக்கத்து நாட்டுல அதே மாதிரி ஆறு, அதே மாதிரி பாலம், பாதி விலைக்குக் கிடைக்குது."

"பலே!"

"சீசன் முடிஞ்ச கையோட போகணும். செவ்வாய்க்கிழமை விமானம்தான் மலிவு. டிராம் ஓடுற தெருவுல, அடுப்போட ஒரு ரூம் பார்த்து வச்சிருக்கேன்."

"சரி, ஒரு சாயங்காலம் மட்டும் ஒண்ணும் போடாம விட்டிருக்கியே?"

"வேணும்னுதான் விட்டேன். ஆத்தோரமா சும்மா நடக்கலாம். புருஷன் பொண்டாட்டி ஒரு நாளாவது பேசிக்க வேண்டாமா?"

நம்மவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுநாள் முதலாளியிடம் அதையே அழுத்திச் சொன்னார்.

"மண்டையைக் குடைஞ்சு போட்டது சார். அந்தச் சாயங்காலத்தை மேடத்துக்காகவே ஒதுக்கினேன்."

முதலாளி அசந்துபோனார். "இவ்வளவு நுணுக்கமா யோசிக்கிற ஆளைக் கணக்குப் பிரிவுல உட்கார வச்சிருக்கேனே! போயிட்டு வந்ததும் உங்களுக்கு ஒரு நல்ல சேதி சொல்றேன். ஆமா, நீங்க உங்க வீட்டம்மாவை எங்கயும் கூட்டிட்டுப் போறதில்லையா?"

"அவளுக்கு வீடுதான் சார் உலகம். வாசல் தாண்டினா தலைவலி வந்துடும்."

அன்று மாலை மனைவி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"ஏங்க, என் பாஸ்போர்ட் வந்தாச்சு. டிக்கெட் எப்போ போடப் போறீங்க?"

நம்மவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடி அசடே! அது ஆபீஸ்ல ஒருத்தருக்கு. நமக்கெதுக்கு அந்த ஆடம்பரம்? அதே நிலாதானே இங்கயும் காயுது!"

அழுவாள் என்று எதிர்பார்த்தார். சமாதானம் சொல்லப் பத்துப் பழமொழிகளும் தயாராக வைத்திருந்தார். அவள் அழவில்லை.

"அவங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரொம்ப!"

"சரி."

இவ்வளவு சுலபத்தில் முடிந்துவிட்டதே என்று அவருக்குத் தன்மேலேயே மரியாதை வந்தது.

சில வாரம் கழித்து ஒரு நாள் சொன்னாள். "நானும் அக்காவும் ஒரு வாரம் வெளியூர் போயிட்டு வர்றோங்க."

"என் சாப்பாடு?"

"செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டுப் போறேன்."

"செலவு?"

"என் சம்பளத்துல சேர்த்து வச்சிருக்கேன்."

"அப்போ தாராளமா போயிட்டு வா!"

பெரிய மனசோடு விடை கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அவள் கிளம்பிப் போன மத்தியானம், ஆபீசில் காலி நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். சுகமாகத்தான் இருந்தது. அப்போது போன் அடித்தது. முதலாளி.

"ஏர்போர்ட்ல இருக்கோம். இங்க ஒரு வேடிக்கையைக் கேளுங்க. எதிர் சீட்டுல அக்கா தங்கச்சி ரெண்டு பேர். தங்கச்சி அக்காவுக்கு ஊரைப் பத்திச் சொல்லிட்டிருந்தாங்க. எந்த டிராம், எந்த ரூம், எந்தச் சாயங்காலம் ஆத்தோரமா நடக்கணும்... நீங்க சொன்னது அப்படியே, வரி மாறாம!"

நம்மவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இதெல்லாம் எப்படித் தெரியும்னு என் மனைவி கேட்டா. 'நான்தாங்க திட்டம் போட்டேன், என் வீட்டுக்காரர் போடச் சொன்னார்'னாங்க. அவர் எங்க வேலை பார்க்கிறார்னு நான் கேட்டேன்."

"சார்... அது வந்து..."

"பதறாதீங்க. உங்களை ஒரு வார்த்தை அவங்க குறை சொல்லலை."

நம்மவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அவ ரொம்ப நல்லவ சார். அப்போ... அந்தத் திட்டப் பிரிவு விஷயம்?"

"அதுக்குத்தான்யா கூப்பிட்டேன். அந்த வேலைக்கு வர்றீங்களான்னு அவங்களையே கேட்டேன். சுத்திப் பார்த்துட்டு வந்து யோசிச்சுச் சொல்றேன்னாங்க!"