வைஃபைக்கு ஒரு குளியல்

“போய்க் குளிச்சுட்டு வாங்க. எல்லாம் சரியாயிடும்.”

“வைஃபையே வரலையாம், இப்ப குளியல்தான் ஒரு கேடா?” என்று மனைவியிடம் சீறினான் கணவன்.

காலையில் சும்மா கிடந்த லினக்ஸுக்கு அப்டேட் போட்டான். லேப்டாப் எழுந்தது, அதற்குள் இருந்த வைஃபை கார்டு எழவில்லை. பதினொரு மணிக்கு ஆபீஸ் மீட்டிங். ஆபீஸே விண்டோஸில் ஓட, ஊரோடு ஒத்துப் போகாமல் தனக்கு லினக்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் அவன். இன்னொரு மீட்டிங்குக்கு வராவிட்டால் லினக்ஸைப் பிடுங்கிவிடுவேன் என்று மானேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்.

“போன்லேருந்து நெட் எடுத்துக்கலாமே?” பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அது தோத்ததுக்குச் சமம். போன வருஷமும் இப்படித்தானே படுத்துச்சு? என்னென்ன கமாண்ட் போட்டேன்! குளிச்சுட்டு வந்து பார்த்தா சிக்னல் ஜம்முனு நின்னுச்சு. அதுக்கெல்லாம் மூளை வேணும்.”

“அதான் சொல்றேன், குளிச்சுட்டு வாங்க.”

கம்ப்யூட்டர் விஷயத்தில் இவளுக்கு ஆனா ஆவன்னா தெரியாது என்பது அவனுடைய முடிந்த முடிவு. கறுப்புத் திரையில் கமாண்ட் மேல் கமாண்டாகத் தட்டினான். கார்டு கல்லுளிமங்கனாக அசையாமல் கிடந்தது. மணி பத்தரை.

கடைசியில் போனை எடுத்து, லினக்ஸ்காரர்கள் ஒன்றுகூடிப் புலம்பும் இணையதளத்தைத் திறந்தான். அதே லேப்டாப், அதே கார்டு, அதே கோளாறு! போன வருடம் யாரோ கேட்டிருந்தார்கள். ஆவலோடு கடைசிப் பதிவுக்குப் போனவன், படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“இந்தக் கூத்தைக் கேளேன். ‘சரி பண்ணிட்டேன், நன்றி. எப்படின்னு இங்க எழுத மாட்டேன். என் வீட்டுக்காரரும் இதைப் படிப்பார். அவர் போட்ட கமாண்டுதான் வேலை செஞ்சுதுன்னு நம்பிட்டிருக்கார். பாவம், இருந்துட்டுப் போகட்டும்.’ எவனோ ஒரு ஏமாந்த சோணகிரி!”

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். கொடியிலிருந்து துண்டை உருவி அவன் தோளில் போட்டாள்.

“போய் நிதானமாக் குளிங்க. போன வருஷம் எனக்குப் பத்து நிமிஷம்தான் ஆச்சு.”